வேலிப் பக்கம் வண்டு இல்லை

எறும்பை எண்ணச் சோம்பல்படுகிறவர்கள் விலங்கியல் படிக்க வரக்கூடாது என்பது என் கட்சி. முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். "புலி சிங்கத்தையெல்லாம் டிவியில பாத்துக்கோங்க. எங்கிட்டப் படிக்க வந்தா குனிஞ்சு தரையப் பாக்கணும். முதுகு வலிக்குதுன்னு எவனும் சொல்லக்கூடாது." பையன்கள் எனக்குக் குருவி வெடி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் சிறுசு, சத்தம் பெருசு என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும். கோபமெல்லாம் இல்லை, பொருத்தமான பெயர்தான். கல்லூரிப் பதிவேட்டில் என் பெயர் செல்லக்கனி.

சிவகாசியிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது எங்கள் கல்லூரி. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், தீபாவளிக்கு முந்தின சீசன். மதுரையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் பூச்சியியல் மேற்படிப்புக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு பிள்ளையை எடுப்பதாக அறிவித்தது. படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் மார்க் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போனால் போதாது. சொந்த ஊர்த் தரையில் ஊர்ந்து திரிகிற பூச்சிகளைப் பிடித்து, இனம் பிரித்து, பெட்டியில் கொண்டுபோய் வைத்துப் பேச வேண்டும். அதைப் படித்த உடனே எனக்கு வேல்விழி முகம்தான் நினைவுக்கு வந்தது.

வேல்விழி ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பிள்ளை. கடைசி வருஷ மாணவி. அவள் அம்மா சண்முகத்தாய் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்து, ஒற்றை ஆளாக நின்று மகளைக் கல்லூரி வரைக்கும் கொண்டுவந்து விட்டவர். லீவு விட்டால் வேல்விழியும் அம்மாவோடு கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். லென்ஸைக் கையில் கொடுத்தால் திருப்பித் தரமாட்டாள். ஒரு தரம் மரவட்டையையும் பூரானையும் ஒரே தட்டில் கொட்டி, "பிரிங்க" என்றேன். மற்றவர்கள் ஐயோ அம்மா என்று பெஞ்சு மேல் ஏறினார்கள். இவள் மட்டும், "வளையத்துக்கு ரெண்டு சோடிக் கால்னா மரவட்டை, ஒரு சோடின்னா பூரான்" என்று முணுமுணுத்தபடி இடுக்கியால் பிரித்துக்கொண்டே போனாள். இந்தக் கண்ணை விட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

விண்ணப்பம் அனுப்பின மறு வாரம் சண்முகத்தாய் கல்லூரிக்கே வந்துவிட்டார். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை.

"டீச்சர், நா நேராவே கேட்டுர்றேன். இது கெடச்சுருமா? ஏந் தம்பி கம்பெனில சொல்லி இவளுக்குச் செக்கிங் சூப்பர்வைசர் வேலை பேசி வச்சிருக்கான். தீவாளி கழிஞ்சதும் சேரணும், பரீச்சைக்கு மட்டும் இங்க வந்து எழுதிக்கிடட்டும். மதுரை அமைஞ்சா சந்தோசமா அனுப்புறேன். அமையலன்னா வேன்ல ஏத்தி விட்ருவேன். பெறவு யாரும் என்னையக் குத்தம் சொல்லக்கூடாது."

"கெடைக்கும். எழுதி வச்சுக்கோங்க" என்றேன்.

எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. அவர் தலை மறைந்த பிறகு, 'வாய் இருக்குன்னு பேசிட்டியே செல்லக்கனி' என்று எனக்கே திக்கென்றது. ஆனால் சொன்ன சொல்லை நான் திரும்ப வாங்குவதில்லை.

வேலையை ஆரம்பித்தோம். துணைக்கு அவள் வகுப்புப் பையன் முனியராஜ். எங்கள் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த வட்டாரத்தில் எல்லாத் தரையிலும் ஒரே மாதிரிதான் பூச்சிகள் வாழ்கின்றனவா? அதைப் பார்க்க மூன்று இடங்கள். ஆமத்தூரில் ஒரு சோளக்காடு, பக்கத்தில் சீமைக்கருவேலங்காடு, ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனி வேலிக்கு வெளியே கிடந்த வெறுந்தரை. முறை ரொம்ப எளிது. டீக்கடை பிளாஸ்டிக் கப்பை, விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி மண்ணில் புதைக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் சோப்புத் தண்ணீர். மழை விழாமல் மேலே கல் முட்டுக் கொடுத்து ஓர் ஓட்டுத் துண்டு. தரையில் நடமாடுகிற பூச்சி பள்ளம் தெரியாமல் உள்ளே விழும். இதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை.

வேலிப் பக்கம் குழி தோண்ட முனியராஜ் கடப்பாரையை ஓங்கினான். வேல்விழி பாய்ந்து பிடுங்கிவிட்டாள்.

"ஏலே, அறிவிருக்கா? வேலிப் பக்கம் இரும்ப ஓங்கலாமாலே? மண்ணுக்குள்ள கெடக்கற சுக்கான் கல்லுல பட்டுப் பொறி பறந்துச்சுன்னா?"

"நம்மதான் வெளிய நிக்கமே."

"பொறி வேலியப் பாத்தா நிக்கும்?"

வாய் திறக்காத பிள்ளை கத்தினதைப் பார்த்து நானே அசந்துபோனேன். பிறகு தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவிட்டு, மரமுளையால் தோண்டினோம்.

மூன்று நாள் கழித்துக் கப்புகளை எடுத்து, ஆளுக்கொரு லென்ஸோடு லேபில் உட்கார்ந்து பிரிக்கச் சொன்னேன். பழைய ஊசி மருந்துக் குப்பிகளைக் கழுவி, ஸ்பிரிட் ஊற்றி, இனத்துக்கு ஒரு குப்பி. இடத்துக்கு ஒரு பெட்டி. எனக்கு அன்றைக்குப் பரீட்சை மேற்பார்வை. "முடிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று போய்விட்டேன்.

சாயங்காலம் வந்து பெட்டிகளைத் திறந்தேன். அடடா, கண்கொள்ளாக் காட்சி! கட்டெறும்பு, சித்தெறும்பு, தரைவண்டு, சாணிவண்டு, சிலந்தி, பிள்ளைப்பூச்சி, மரவட்டை. குப்பி எல்லாம் சிப்பாய் மாதிரி வரிசை. லேபிள் ஒன்றுகூடக் கோணல் இல்லை. முதுகில் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினவள், எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணிப் பார்த்தேன். சோளக்காட்டுப் பெட்டியில் தரைவண்டு எட்டு. கருவேலங்காட்டுப் பெட்டியில் எட்டு. வேலிப் பக்கத்துப் பெட்டியிலும் எட்டு. சிலந்தி மூன்றிலும் ஆறு, ஆறு, ஆறு. எறும்பு எண்ணினேன். அதுவும் அப்படியே.

"ஏலே, மூணு எடத்துலயும் எப்படிலே ஒரே கணக்கா விழுந்துச்சு? பூச்சியெல்லாம் கூட்டம் போட்டுப் பேசி வச்சுக்கிட்டு வந்துச்சா?"

முனியராஜ் நெஞ்சை நிமிர்த்தினான். "இல்ல மேடம், நாங்கதான் சமப்படுத்துனோம்."

"என்னது?"

"வேலிப் பக்கத்துப் பெட்டி ரொம்பக் குறையா இருந்துச்சு மேடம். சோளக்காட்டுல அள்ளிக் கெடந்துச்சு. அதுல இருந்து எடுத்து நெரவிட்டோம். மிஞ்சுனதத் தனியா வச்சிருக்கோம்."

வேல்விழியைப் பார்த்தேன். அவளும் சந்தோஷமாகத்தான் நின்றாள். "பெட்டி குறையாப் போனா திரும்பி வந்துரும்ல மேடம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஊரில் தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் போடுகிற எவளைக் கேட்டாலும் சொல்வாள்: பெட்டிக்கு இத்தனை ஐட்டம் என்றால் இத்தனைதான். ஒரு பெட்டியில் ஒரு சக்கரம் குறைந்தாலும் செக்கிங்கில் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள், போட்டவளுக்குப் பேச்சு விழும். குறைந்ததைக் கண்டால் நிரப்பாமல் இவர்கள் கை சும்மா இருக்காது. நான் பெட்டியைக் கொடுத்தேன், இவர்கள் பேக்கிங் பண்ணிவிட்டார்கள்!

"அடி பாதகத்தி! இது என்ன கிஃப்ட் பாக்ஸா? எறும்பு என்ன சரவெடியா, பெட்டிக்கு இத்தனைன்னு போட? எது எங்க விழுந்துச்சுன்னு இனி அந்த ஆண்டவனே வந்தாலும் சொல்ல முடியாதே! மொத்தத்தையும் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிட்டீகளே!"

அடுத்த டிபார்ட்மெண்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முனியராஜ் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். வேல்விழிக்குக் கண் நிரம்பிவிட்டது. யாராவது அழுதால் எனக்குக் கோபம் இன்னும் ஏறும். ஆனால் இவள் அழுதுகொண்டே யோசிக்கிறவள்.

"அப்ப, குறையா இருக்குல்ல, அதுதான் மேடம் சரக்கே?" என்றாள்.

எனக்குச் சட்டென்று கோபம் இறங்கிவிட்டது. "அதேதாண்டி. எங்க கூட, எங்க குறைச்சல், அத விட்டா நமக்குச் சொல்ல என்ன இருக்கு?"

மூன்று பெட்டியையும் அவள் கையாலேயே கொட்டவைத்தேன். நேர்முகத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சரி, ஒரு வாரம் போதும் என்றேன். மறுபடி குழி, மறுபடி கப். வானம் வேறு மூட்டமாக நின்று பயமுறுத்தியது, பெய்யவில்லை. சீசன் வேலைக்குப் போன முனியராஜ் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு ஓடிவந்தான். இந்தத் தரம் நான் லேபை விட்டு நகரவில்லை. பிள்ளைகளும் ஓர் எறும்பைக்கூட இடம் மாற்றவில்லை.

சோளக்காட்டுப் பெட்டி நிறைந்தது. கருவேலங்காட்டுப் பெட்டி பாதிக்கு மேல். வேலிப் பக்கத்துப் பெட்டியில் எறும்பு உண்டு, சிலந்தி கொஞ்சம் உண்டு. தரைவண்டு மட்டும் ஒன்றுகூட இல்லை. வேல்விழி கப்புத் தண்ணீரை வடிகட்டி வடிகட்டிப் பார்த்தாள். இல்லை என்றால் இல்லைதான். ஒரு குப்பியை எடுத்து, வெறும் ஸ்பிரிட்டை ஊற்றி, 'தரைவண்டு, வேலிப் பக்கம்' என்று லேபிள் ஒட்டி, அதற்குரிய இடத்தில் வைத்தாள்.

"காலியாவே இருக்கட்டும் மேடம். இல்லங்கறதும் பெட்டில ஒரு எடம் புடிக்கணும்ல."

அதைக் கேட்டபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. சண்முகத்தாயிடம் சொன்ன வாக்கு பலித்த மாதிரியே இருந்தது.

நேர்முகம் விருதுநகரில் ஒரு கல்லூரிக் கூடத்தில். வேல்விழி முந்தின நாளே பெட்டிகளை வீட்டுக்கு எடுத்துப்போய், காலையில் அங்கிருந்தே பஸ் பிடித்து வந்தாள். சீசனில் லீவு போட்டுவிட்டு சண்முகத்தாயும் கூட வந்திருந்தார். பெட்டிகளை மடியில் வைத்துக் கைக்குழந்தை மாதிரி கொண்டுவந்தாராம். வெளியே வேப்பமரத்தடியில் ஒயர்க்கூடையோடு உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கூடத்தின் கடைசி வரிசையில் இடம் கொடுத்தார்கள், ஆசிரியர்கள் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. என்னைப் பார்த்தவுடனே போட்ட நிபந்தனையோ என்னவோ.

மற்றப் பிள்ளைகள் தெர்மோகோலில் வண்ணத்துப்பூச்சிகளைக் குத்திக் கொண்டுவந்திருந்தார்கள். தரைப்பூச்சி கேட்டால் பறக்கிறதைக் கொண்டுவருகிறார்களே என்று சிரித்துக்கொண்டேன். தேர்வு செய்ய வந்தவர் மதுரைப் பேராசிரியை பொன்னுத்தங்கம். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், அதிகம் பேசமாட்டார்.

வேல்விழி பெட்டிகளைத் திறந்தாள். குரல் நடுங்கவே இல்லை. எது எறும்பு, எது எறும்பு மாதிரி வேஷம் போடுகிற சிலந்தி, காலை எண்ணுவது எப்படி, உணர்கொம்பைப் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் மூன்றாவது பெட்டிக்கு வந்தாள்.

"வேலிப் பக்கம் தரைவண்டு ஒண்ணுகூட விழல மேடம். அதான் அந்தக் குப்பிய மட்டும் காலியா வச்சிருக்கேன்."

பொன்னுத்தங்கம் அந்தக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "காலியா? உள்ள இருக்கேம்மா."

நான் எழுந்து எக்கிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தெரிந்தது, குப்பியின் அடியில் வண்டு மாதிரி ஏழெட்டுப் பழுப்புப் புள்ளிகள். வாய் ஒன்று சொல்கிறது, பெட்டி வேறொன்று காட்டுகிறது. இதற்கு மேல் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? போச்சு, எல்லாம் போச்சு, தீபாவளி கழிந்ததும் பிள்ளை வேனில் ஏறப்போகிறாள் என்று மனசு அடித்துக்கொண்டது. சேலை முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

வேல்விழிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கை தன்பாட்டுக்கு லென்ஸை எடுத்தது. குப்பியை வாங்கி, ஒரு வண்டை இடுக்கியால் தட்டில் போட்டுக் குனிந்து பார்த்தாள்.

"தலை மூக்கு மாதிரி நீண்டிருக்கு மேடம். இது தரைவண்டு இல்ல. அரிசிவண்டு." நிமிர்ந்தாள். "எங்க வீட்டு ரேசன் அரிசியில கெடக்கறது. எங்கம்மா போட்டிருக்காக."

கூடம் கொல்லென்று சிரித்தது. பொன்னுத்தங்கம் சிரிக்கவில்லை.

"அம்மா எதுக்குப் போடணும்?"

"அவுக பேக்கிங் வேலை பாக்காக மேடம், இருபது வருசமா. குறைஞ்ச பெட்டிய வெளிய விட்டா அவுக கைக்கு அவமானம். நானும் மொதத் தடவ அப்படித்தான் பண்ணேன். மூணு பெட்டியையும் சமமா நெரவிட்டேன். எங்க மேடம் ஏசி, அம்புட்டையும் கொட்டவச்சு, மறுபடி கப்பு பொதைக்கச் சொன்னாக. அந்தக் குப்பி காலிதான் மேடம். நாந்தான் பாத்தேன்."

"மத்தக் குப்பியில அவங்க கை வைக்கலன்னு நான் எப்படி நம்புறது?"

"நம்ப வேண்டாம் மேடம். இப்பவே கொட்டிப் பாத்துருவோம்."

சொன்னதோடு நிற்கவில்லை. வெள்ளைத் தட்டை இழுத்துப்போட்டு, வேலிப் பக்கத்துப் பெட்டியின் முதல் குப்பியைக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றையும் இடுக்கியால் நகர்த்தி, லென்ஸை அவர் கையில் கொடுத்து, "இது கட்டெறும்பு, இடுப்புல ஒரு கணு. இது சித்தெறும்பு, ரெண்டு கணு. வீட்டுப் பானையில கெடக்கற பூச்சி இதுல ஒண்ணு இருந்தா நா இப்பவே எந்திரிச்சுப் போயிருதேன் மேடம்" என்றாள். குப்பி குப்பியாகக் கொட்டினாள், பெயர் சொன்னாள், திரும்ப நிரப்பினாள். சிரித்தவர்கள் எழுந்து வந்து மேஜையைச் சுற்றி நின்றார்கள். அந்நியமாக ஒரு கால்கூட அகப்படவில்லை. "எங்கம்மா காலியத்தான் நெரப்புவாக மேடம். இருக்கறதுல கை வைக்க மாட்டாக" என்று முடித்தாள்.

பொன்னுத்தங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. வேலிப் பக்கம் ஏன் வண்டு இல்ல? பட்டாசு மருந்தாலயா?"

ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று நான் பதறினேன்.

"தெரியல மேடம். தீப்புடிச்சுரக் கூடாதுன்னு வேலியச் சுத்திப் புல்லச் சுத்தமாச் செதுக்கிருவாக. ஒளிய எடமில்லாம வண்டு போயிருக்கலாம். மருந்தாவும் இருக்கலாம். புல்லச் செதுக்காம விட்டு ஒரு எடம், கம்பெனியே இல்லாத ஊர்ல செதுக்கிவிட்டு ஒரு எடம், அப்படிக் கப்பு பொதச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். அதப் படிக்கத்தான் நா மதுரைக்கு வரணும்ங்கேன்."

அவர் புதுக் குப்பி ஒன்றை எடுத்து, அந்த அரிசிவண்டுகளை அதில் போட்டார். காலியான குப்பியை அதன் இடத்தில் வைத்தார். பிறகு ஒரு லேபிளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"உங்க அம்மா பேரு என்ன?"

"சண்முகத்தாய் மேடம். எதுக்கு மேடம்?"

"பிடிச்சவங்க பேர் இல்லாம ஒரு பூச்சியையும் நான் எங்க மியூசியத்துல சேர்க்க மாட்டேன்."

மத்தியானம் முடிவைச் சொன்னார்கள். வேல்விழி. நான் கைதட்டின தட்டில் பக்கத்தில் இருந்த ஆசிரியர் நகர்ந்து உட்கார்ந்தார். மதுரைக்காரர்கள் பெட்டிகளைத் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

வேப்பமரத்தடிக்கு ஓடினோம். வேல்விழி சொன்னதைக் கேட்டதும் சண்முகத்தாய் மகளின் தலையைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. ஆனால் கேட்காமல் விட நான் ஆளா?

"ஏங்க, காலிக் குப்பியில வண்டப் போட்டீகளே, இது நியாயமா? நெஞ்சு நின்னுபோச்சு எனக்கு!"

"கண்டுபுடிச்சுட்டாகளா?" என்று கையை உதறினார் அவர். "எல்லாக் குப்பியும் நெறஞ்சிருக்கு, அது ஒண்ணு மட்டும் வெறுஞ்சாடியா நின்னுச்சு டீச்சர். பச்சப்புள்ள, அவசரத்துல விட்டுப்போச்சுன்னு நெனச்சேன். வண்டுன்னு லேபிள் இருந்துச்சு, வீட்டுல இருந்த வண்டப் போட்டேன்."

"நீ போட்ட வண்டும் மதுரைக்குப் போகுதும்மா" என்றாள் வேல்விழி. "தனிக் குப்பியில, லேபிள் ஒட்டி. ஏழாயிரம்பண்ணை, ரேசன் அரிசிப் பானை, சேகரித்தவர் சண்முகத்தாய்னு எழுதியிருக்காக."

"ஏம் பேரா?"

"உம் பேருதாம்மா."

சண்முகத்தாய் என்னைப் பார்த்தார். உண்மைதான் என்று தலையாட்டினேன். "இருபது வருசமாப் பெட்டி போடுதேன் டீச்சர்" என்றார். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். மகளும் அழுதாள். நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திடீரென்று மகள் தோளில் ஓர் அடி விழுந்தது.

"ஏட்டி, ஏம் பேரு போற எடத்துல ரேசன் அரிசின்னா சொன்ன? கடை அரிசின்னு சொன்னா வாயி சுளுக்கிக்குமா?"